மலையில் வைக்கும் தீ மகாவலியில் இறங்குகிறது

தைப்பொங்கல் கழிந்து சில வாரங்களில் மத்திய மலைநாட்டில் புல் காய்ந்துவிடும். மாசியிலும் பங்குனியிலும் பூண்டுலோயா, தலவாக்கலை, கொட்டகலை, நோர்வூட் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மானாப்புல் மேடு புகைந்துகொண்டிருக்கும். இருட்டிய பிறகு நெருப்பு வரிசையாகச் சரிவில் ஏறுவது தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலிலிருந்தே தெரியும். மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வரும்: இத்தனை ஏக்கர் எரிந்து நாசம், இனந்தெரியாத விஷமிகள் வைத்த தீ எனச் சந்தேகம், பொலிஸார் விசாரணை. ஐந்தாவது வரி வருவதில்லை. எரிந்த மேட்டுக்கு அதன் பிறகு என்ன ஆனது, சித்திரையில் இடியோடு பெய்த மழை அங்கிருந்து எதை வாரிக்கொண்டு போனது என்பதை யாரும் எழுதுவதில்லை.

செய்திக்கே வராத தீயும் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால், ஓடைக் கரையில், தோட்டம் கைவிட்ட மூலைகளில் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு போடும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அறுவடை முடிந்ததும் போஞ்சிக் கொடி, கோவாத் தண்டு, கிழங்குச் செடியின் காய்ந்த தழை, பிடுங்கிய களை எல்லாம் ஒரு மூலையில் குவியும். இரண்டு நாள் வெயில் அடித்தால் ஒரு தீக்குச்சி போதும். அடுத்த போகத்துக்கு நிலம் துப்புரவாகிவிடும். சாம்பலும் உரம்தானே என்ற திருப்தியும் கிடைக்கும். மேட்டில் எரிகிற மானாவையும் பாத்தியில் எரிகிற தழையையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் வழக்கம். இரண்டும் ஒரே சரிவில் எரிகின்றன, ஒரே ஆற்றில் போய் முடிகின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

பயிர்க்கழிவு எரிப்பு என்றதும் பஞ்சாப், ஹரியானா வயல்களும் டில்லியின் கார்த்திகை மாதப் புகையும்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். அவ்வளவு பெரிய எரிப்பு மலைநாட்டில் இல்லை. ஆனால் பஞ்சாப் சமதரை. அங்கே தீயின் கேடு பெரும்பாலும் வானத்துக்குப் போகிறது. பூண்டுலோயாவில் நிலம் செங்குத்து. ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றிக்கொண்டு கொழுந்தெடுக்க வேண்டிய சரிவு. இங்கே எரித்தால் கேட்டில் ஒரு பங்கு காற்றோடு போகும், பெரும்பங்கு தண்ணீரோடு இறங்கும். மலைநாட்டில் இதெல்லாம் சின்ன விவகாரம் என்று ஒதுக்குபவர்கள் பரப்பளவை மட்டும் கணக்கிடுகிறார்கள். சரிவைக் கணக்கில் எடுப்பதில்லை.

சாம்பல் உரம் என்ற நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் சாம்பலில் தங்கும். நைதரசன் தங்காது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வைக்கோலை வைத்துச் சொல்லும் கணக்கு இது: எரிக்கும்போது நைதரசன் அநேகமாக முழுவதும் போய்விடும், பொஸ்பரஸில் நாலில் ஒரு பங்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போகும், கந்தகத்தின் இழப்பு 5 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் இருக்கின்றன. காய்கறித் தழையில் அளவுகள் வேறாக இருக்கலாம். சத்து தொலைகிற வழி ஒன்றுதான். மிஞ்சிய சத்தும் தண்ணீர் பட்டால் கரையும் நிலையில் மேலாகக் கிடக்கிறது. சமதரையில் அது அங்கேயே மண்ணுக்குள் இறங்கும். சரிவில் முதல் மழைக்கே கான் வழியாக ஓடிவிடும். பிறகு, தழையை எரித்த அதே குடும்பம் தாழ்நிலத்திலிருந்து லொறியில் வரும் கோழி எருவைக் காசு கொடுத்து வாங்கிப் பாத்தியில் போடுகிறது.

தேயிலைக்கோ சாம்பல் ஆகவே ஆகாது. புளிப்பு மண்ணில் தழைக்கும் செடி அது. மண்ணின் பிஎச் அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். சாம்பல் காரத்தன்மை உடையது. ஆப்பிரிக்காவின் கென்யா, மலாவி தேயிலைத் தோட்டங்களில் இதற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி உண்டு. தோட்டம் வருவதற்கு முன் குடிசைகள் இருந்த இடங்களில், ஆண்டுக்கணக்காக அடுப்புச் சாம்பல் கொட்டிய மண்ணில், தேயிலை மஞ்சளித்துத் தேறாமல் போகிறது. சுற்றிலும் பச்சையாக இருக்க, நடுவில் திட்டாக நிலம் வெறுமையாகக் கிடக்கும். அந்த மண்ணை மறுபடி புளிக்கவைக்க அங்கே கந்தகம் இட வேண்டியிருந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் சுள்ளியைக் குவித்து எரிப்பவர்கள் அதே திட்டைச் சிறிய அளவில் தங்கள் மலையிலேயே உண்டாக்குகிறார்கள்.

இதைவிடப் பெரிய கேடு காலம் பார்த்து வருகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் தை முதல் பங்குனி வரை வறட்சி. எரிப்பும் அந்த மாதங்களில்தான். அடுத்து வருவது சித்திரை மாதத்து இடிமழை: பிற்பகலில் கறுத்து, ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. அதைத் தொடர்ந்து வைகாசியில் தென்மேல் பருவமழை. புல்லோ தழையோ மூடியிருந்தால் மழைத்துளி அதன் மேல் விழுந்து, உடைந்து, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். எரிந்த நிலத்தில் துளி நேரே மண்ணில் அறைகிறது; கட்டியை உடைக்கிறது; நுண்மண்ணும் சாம்பலும் சேர்ந்து மண்ணின் துளைகளை அடைக்கின்றன. கடுஞ்சூட்டில் எரிந்த இடங்களில் மேல்மண்ணே தண்ணீரை ஒட்டவிடாத தன்மை கொண்டுவிடுவதும் உண்டு. உள்ளே இறங்க வேண்டிய தண்ணீர் மேலாக ஓடுகிறது, ஓடும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆண்டிலேயே மழை மிகக் கடுமையாக அறையும் வாரங்களுக்குச் சற்று முன்னால் சரிவின் போர்வையை உரித்துவிடுகிற வேலை இது.

அந்தப் போர்வை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இலங்கையிலேயே அளவீடு இருக்கிறது. 1980களில் ஆய்வாளர் கிருஷ்ணராஜா தொகுத்த மண்ணரிப்புக் கணக்குகள் இன்றும் மண் ஆய்வுகளில் எடுத்தாளப்படுகின்றன. மூடாக்கு இல்லாத பழைய விதைத் தேயிலை நிலத்தில் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 50 தொன்னுக்கு மேல் மண் கரைகிறது. மூடாக்கு இட்ட தேயிலை நிலத்தில் அது ஒரு தொன்னைக்கூட எட்டுவதில்லை. நிலத்தின் மேல் காய்ந்த இலை கிடக்கிறதா இல்லையா என்பதுதான் இவ்வளவு வித்தியாசத்துக்கும் காரணம்.

தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் மீள்நடுகைக்கு முன் களைத்த மண்ணைத் தேற்றப் பரிந்துரைப்பது மானாப்புல்லையும் குவாத்தமாலாப் புல்லையும்தான். ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் புல்லை வளர்த்து, அவ்வப்போது வெட்டி அதே நிலத்தில் பரப்பிய பிறகுதான் தேயிலைக் கன்று நட வேண்டும். மண்ணைத் தேற்றுவதற்கென்று ஒரு மலையில் செலவழித்து நட்டு வளர்க்கும் அதே புல் பக்கத்து மேட்டில் ஆண்டுதோறும் தீயில் போகிறது.

பூண்டுலோயாவிலிருந்து கரையும் மண் எங்கே போகிறது? டன்சினன் அருவியில் விழும் தண்ணீரும் சுற்றுவட்டாரத்து ஓடைகளும் கொத்மலை ஓயாவின் நீர்தான். அந்த ஓயாவில்தான் 150 மெகாவோட் மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் தொடங்கியது. அதற்குக் கீழே 1985இல் முடிந்த கொத்மலை அணை, 201 மெகாவோட். அங்கிருந்து தண்ணீர் மகாவலியில் சேர்ந்து கண்டிக்குப் பக்கத்திலுள்ள பொல்கொல்லைக்கு வருகிறது. பொல்கொல்லையில் ஒரு பங்கு நீரைச் சுரங்க வழியாக உக்குவெலைக்குத் திருப்பி, போவதென்னை ஊடாக வடமத்திய மாகாணத்துக் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். கலாவெவவுக்குக் கீழே அனுராதபுர மாவட்டத்தில் நெல் விளைவது இந்தத் தண்ணீரிலும்தான். 1976இல் பொல்கொல்லை அணைக்கட்டு இயங்கத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அளந்தபோது அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் வண்டலாகியிருந்தது. அந்த வண்டல் முழுவதும் தீயால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சரிவில் மரக்கறி, பராமரிப்பில்லாத தேயிலை, வீதி வெட்டு, ஆற்று மணல் அகழ்வு எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. எரிப்பு அந்தப் பட்டியலில் ஒன்று. நிறுத்துவதற்கு மிகக் குறைந்த செலவு பிடிக்கும் ஒன்றும் அதுதான்.

மலைநாட்டுக்கும் தீக்கும் உள்ள தொடர்பு இன்றைய லயத்துக் குடும்பங்களோடு தொடங்கவில்லை. 1840இல் முடிக்குரிய காணிகள் சட்டம் வந்தபின் காடு ஏக்கர் கணக்கில் கோப்பித் துரைமாருக்கு விலையானது. மரங்களைக் கீழிருந்து மேலாக அரைகுறையாய் வெட்டிக்கொண்டே போவார்கள். உச்சி வரிசை மரத்தை முழுதாக வெட்டிச் சாய்த்ததும் அது அடுத்ததைச் சாய்க்க, ஒரு மலைச்சரிவே நொடியில் இடிந்து விழும். பிறகு காயவிட்டு நெருப்பு வைப்பார்கள். மரம் வெட்டியது பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். எரிந்து கறுத்த நிலத்தில் குழி எடுத்துக் கோப்பி நட்டது தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர். பல நூறு ஆண்டுகள் காட்டிலை மக்கிச் சேர்ந்த மேல்மண் கோப்பிக்குச் சில அறுவடைகளைத் தந்துவிட்டுக் கரைந்துபோனது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் வந்தது; 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்டுவைத்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1873இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டையாவது விட்டுவையுங்கள் என்று ஆலோசனை சொன்ன பிறகுதான் உச்சிக் காடுகள் தப்பின. ஆக இந்த மலைகளில் முதல் பெருந்தீயை மூட்டியது முதலீடு. இன்று சுள்ளிக்குத் தீ வைக்கும் தொழிலாளியை மலையின் எதிரி என்று காட்டுபவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டித்தான் வர வேண்டும்.

பூண்டுலோயாவுக்கு ஒரு பெருமை உண்டு. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கே தெரியாதது. ஏர்னஸ்ட் கிரீன் என்ற தோட்டத்துரை இங்கே கோப்பிச் செடியிலும் தேயிலையிலும் பூச்சி பொறுக்கிப் பொறுக்கி, பின்னாளில் இலங்கை அரசின் பூச்சியியலாளரானார். கோப்பியைத் தாக்கும் பச்சைச் செதிற்பூச்சிக்கு 1889இல் பெயர் சூட்டியவர் அவர். உலகப் பூச்சியியல் நூல்களில் பல இனங்கள் முதன்முதலில் சேகரிக்கப்பட்ட இடம் என்று பூண்டுலோயாவின் பெயர் அச்சாகியிருக்கிறது. அவ்வளவு உயிர்ச்செழுமை கொண்ட ஊர் இது. புல் எரியும்போது வேகமாக ஓடத் தெரிந்த காட்டுப்பன்றியும் மரையும் தப்பும். நிலத்தில் கூடு கட்டும் பறவைக் குஞ்சு, பல்லி, தவளை, சிலந்தி தப்புவதில்லை. தேயிலையைத் தின்னும் புழுக்களைத் தின்று வாழும் பூச்சிகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

எல்லாம் தெரிந்தும் ஏன் எரிக்கிறார்கள்? கேட்டால் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூடச் சோம்பல் அல்ல. மாடு வளர்ப்பவருக்கு எரிந்த மேட்டில் மழைக்குப் பின் தளதளவென்று துளிர்க்கும் புல் வேண்டும். காடாகிப்போன தேயிலை மலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குப் பாம்பு, குளவி, சிறுத்தை மீது பயம். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் கொழுந்தெடுக்கும் பெண்களைப் பற்றிய செய்தி வராத மாதமில்லை. மரக்கறி போடுபவருக்குப் பாத்தி சீக்கிரம் ஒழிய வேண்டும்; தழையை நறுக்கிக் குழியில் போட்டு மக்கவைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. பகல் முழுக்கத் தோட்டத்து வேலை. மாலையில் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் சொந்தப் பாத்தி. அந்த நேரத்தில் கூட்டெருக் குவியலைப் புரட்டிப் போடு என்று சொல்பவர், அவர்களுடைய ஒரு நாளை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்.

நோய் கண்ட செடிகளின் கதை தனி. உருளைக்கிழங்கு வெளிறல் நோயில் கருகிய தழையை வயலில் அப்படியே விட முடியாது. அதை அகற்றி அழிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த ஒரு பாத்திக்கான நியாயத்தைத் தோட்டம் முழுக்க நீட்டுவதுதான் தவறு. கோவாவின் வேரை முண்டு முண்டாக வீங்கவைக்கும் நோயில் மேலே எரிப்பதால் பெரிய பயனும் இல்லை. அதன் வித்துகள் மண்ணுக்குள் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சுண்ணாம்பு இட்டுப் பயிரை மாற்றிப் போடுவதுதான் அங்கே வழி.

கவ்வாத்துக் குச்சியின் பிரச்சினை இன்னும் சிக்கல். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மலையைக் கவ்வாத்து செய்யும்போது ஹெக்டேயருக்குப் பல தொன் இலையும் சுள்ளியும் கட்டையும் விழும். அது அப்படியே மலையில் கிடக்க வேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நெடுநாள் அறிவுரை. கத்தி வைத்த கையோடு விறகுக் கட்டு லயத்துக்கு நடந்துவிடுவதுதான் நடைமுறை. தோட்டத்து வீடுகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் விறகடுப்புதான். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியபோது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பு ஒரு சிலிண்டருக்கு. அந்த வீட்டு அடுப்புக்குக் கவ்வாத்துக் குச்சி போகக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் சத்து அதிகம் இருப்பது இலையிலும் மெல்லிய சுள்ளியிலும். அடுப்புக்கு வேண்டியது தடித்த கட்டை. கட்டையை வீட்டுக்கும் இலையை மலைக்கும் பிரித்துவிட்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும். கட்டிய விறகை இறக்குவதற்கு முன் இலையை உதறிப் பரப்ப ஆகும் நேரத்துக்குத் தோட்டம் கூலி போட்டால் நடக்கும் காரியம் இது. போடாவிட்டால், மீந்த சுள்ளி வழியை அடைக்கிறது என்று யாராவது கொளுத்துவார்கள்.

சேதனப் பசளையின் அருமையை இலங்கை மிகக் கசப்பாகக் கற்ற காலம் ஒன்று உண்டு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டது. மக்கிய எருவுக்கு நாடே அலைந்தது. சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் 20,000 தொன் சேதனப் பசளையோடு வந்து, நோய்க் கிருமி இருக்கிறது என்ற பரிசோதனை முடிவால் இறக்க முடியாமல் திரும்பியது. அதற்காக 69 லட்சம் டொலர் கொடுக்க வேண்டியும் வந்தது. அதே ஆண்டில் இந்த நாட்டு வயல்களில் வைக்கோலும் மலைகளில் புல்லும் தழையும் வழக்கம்போல எரிந்தன. நவம்பரில் தடை விலக்கப்பட்டாலும் அடி விழுந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25.1 கோடி கிலோவாகச் சரிந்தது. உரத்தை ஒரே நாளில் நிறுத்த உத்தரவு போட முடிந்த அரசுக்கு, மண்ணில் சேர வேண்டியதை மண்ணிலேயே விட்டுவைக்க ஒரு பருவகால ஏற்பாடு செய்யத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் பஞ்சாபின் அனுபவம் உதவுகிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. நாற்று நடுவதை ஜூன் மாதத்துக்குத் தள்ளிப் போட்டது. நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளியது. நெல் அறுத்த பின் கோதுமை விதைக்கக் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்கள்தான். அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் தாளை அதற்குள் அகற்றத் தீக்குச்சியைவிட மலிவான கருவி இல்லை. 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. அபராதம், வழக்கு எல்லாம் வந்தன. தீ குறையவில்லை. 2018 முதல் தாளை எடுக்காமலே விதைக்கும் ஹாப்பி சீடர் போன்ற இயந்திரங்களுக்கு மானியம் கொடுத்தார்கள். வைக்கோலைக் கட்டி ஆலைகளுக்கு விற்கும் வழிகள் திறந்தன. 2020இல் 83,000 அளவில் இருந்த பஞ்சாபின் தீப்பதிவுகள் 2024இல் 11,000க்குக் கீழே வந்தன. செயற்கைக்கோள் கடந்துபோன பின் மாலையில் எரிக்கிறார்கள், ஆகவே உண்மையான குறைவு அவ்வளவு இல்லை என்று ஆய்வாளர்கள் எச்சரிப்பதும் சரியே. ஆனாலும் திசை தெரிகிறது: வேறு வழி கைக்கு எட்டியபோது தீ குறைந்தது. தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் இவ்வளவு எரிப்பு இல்லாததற்கும் காரணம் விழிப்புணர்வுச் சுவரொட்டி அல்ல. வைக்கோலுக்கு மாட்டுக்காரர்களிடம் விலை இருக்கிறது.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளில் விடியற்காலையில் குளிர்காற்று அடியில் தங்கி மேலே வெதுவெதுப்பான காற்று மூடிக்கொள்ளும். மாலையில் எழுந்த புகை மறுநாள் வெயில் ஏறும்வரை லயங்களுக்கு மேலேயே கிடக்கும். அடுப்புப் புகையில் ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கும் பெண்களும் குழந்தைகளும்தான் அதையும் சுவாசிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, நுண்துகள் ஒரு நாளில் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக்காற்றால் இலங்கைப் பாடசாலைகளுக்கு ஒருநாள் விடுமுறையே விட்டார்கள். கடல் தாண்டி வந்த புகைக்குப் பாடசாலையை மூடத் தெரிந்த நாடு, பாடசாலைக்கு மேலுள்ள மேட்டில் எழும் புகையையும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இல்லாத நாடும் அல்ல இது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. வன ஒதுக்கத்தில் தீ வைப்பது குற்றம். ஆனால் மேட்டில் தீ வைத்தவரைப் பிடிப்பது அரிது. பிடிபட்டாலும் அவர் புல் தேடிப் போன மாட்டுக்காரராக இருப்பார். தண்டனையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த விவகாரத்தை அணுகினால் மலைநாட்டில் வறியவர் மீது இன்னொரு வழக்கு சேரும், மலை எரிவது நிற்காது.

எரிக்காமல் இருப்பதற்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவு இன்று முழுக்கச் சரிவில் வாழ்பவர் தலையில் விழுகிறது. எரிக்காததால் கிடைக்கும் பயனோ கீழே போகிறது: சேறு குறைந்த தண்ணீர் மின்சார சபைக்கும், நீடித்து உழைக்கும் நீர்த்தேக்கம் மகாவலி அதிகார சபைக்கும், பாசனம் வடமத்திய மாகாணத்துக்கும். கொத்மலை ஓயாவின் இரண்டு மின்நிலையங்களும் சேர்ந்து 351 மெகாவோட். அவற்றின் மின்சார வருமானத்தில் மிகச் சிறிய பங்கு ஒன்று மேலேயுள்ள நீரேந்துப் பிரதேசத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வர வேண்டும் என்று கேட்பது பிச்சையும் அல்ல, சலுகையும் அல்ல. தண்ணீரைக் காத்துக் கொடுப்பதற்கான கூலி அது.

அந்தப் பணத்தில் செய்ய வேண்டியது பெரிய திட்டமும் இல்லை. ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் தழையும் சுள்ளியும் நறுக்கும் இயந்திரம் ஒன்று. அதை இயக்க ஒருவருக்குச் சம்பளம். டன்சினனில் 2018இல் இந்திய உதவியோடு கையளிக்கப்பட்ட 404 வீடுகளைப் போன்ற புதிய குடியிருப்புகளில் வீட்டைச் சுற்றிச் சிறு நிலம் இருக்கிறது. அங்கே கூட்டெரு போட இடமுண்டு. போட்ட எருவைத் தோட்டமே விலைக்கு எடுத்துக்கொண்டால் தழை குப்பையாக இருக்காது. மானா மேடுகளில் தை மாதம் முடிவதற்குள் பத்தடி அகலத்துக்குப் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். வெட்டிய புல்லை மாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். மீந்தது தேயிலை மலைக்கு மூடாக்கு. காய்கிற பத்து வாரத்துக்கு அந்தந்த லயத்து இளைஞர்களையே காவலுக்கு அமர்த்தினால், தீயணைப்பு வண்டி ஏற முடியாத மேடுகளில் தீ சிறிதாக இருக்கும்போதே அடிக்க ஆள் இருக்கும். மாடு வைத்திருப்பவர்களையும் இந்தப் பேச்சில் முதலிலேயே உட்கார வைக்க வேண்டும். அவர்களுக்கு வறட்சிக் காலத்தில் குவாத்தமாலாப் புல் கிடைக்குமென்றால் மேட்டுக்குத் தீ வைக்கத் தேவையே எழாது.

தோட்ட நிர்வாகங்கள் தங்கள் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. கைவிட்ட மலைகளைக் காடாக விட்டதில் அவர்களுக்குப் பங்குண்டு. அந்த மலைகளைப் பற்றித் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு சேர்த்தே பேசலாம். கரைகிற மண்ணில் விளைச்சல் குறையும்போது முதலில் வெட்டு விழுவது வேலை நாட்களில்தான். நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வருகிறது. மானா காய்வதற்கு அதன் பிறகு இரண்டு மூன்று மாதம்தான் இருக்கும். மலையகத்து உறுப்பினர்கள் மின்சார வருமானத்தில் இந்தப் பங்கை இந்த ஆண்டே கேட்டால்தான் அடுத்த மாசிக்குள் காவலுக்கு ஆள் போட முடியும்.